படகு போனால் வாடும் எலுமிச்சை

தோசையின் ஓரம் கருகுவதுபோல நடுவில் பச்சையும் விளிம்பில் பழுப்புமாக இருந்த ஓர் எலுமிச்சை இலை. திருவொற்றியூர் வீட்டின் பின்பக்கத்தில், அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மாமியார் நின்றிருந்த காட்சிதான் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மறுபடியும் கருவுதா?" என்று கேட்டார். மாமியார் இலையைத் தூக்கிக் காட்டி, "பாரு, எம்புள்ள போட்ல ஏறி எத்தினி நாளாச்சு? அதுக்குள்ள இப்டி ஆயிகினு கீது" என்றார். முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்தோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருந்தது. அது என்னவென்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது மாத்தூரில். கடல் எங்களுக்கு எட்டும் தூரம்தான் என்றாலும், காணும் பொங்கலுக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வரும் இடம், அவ்வளவுதான். வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் வேலை பார்த்தேன். புதுச் சரக்கு வந்தால் துணியின் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்ப்பேன். "அதான் சாயம் போவாதுன்னு சொல்லிட்டுப் போனான்ல, அப்பறம் இன்னாத்துக்கு நோண்டிகினு கீற?" என்று முதலாளி சலித்துக்கொள்வார். நோண்டாமல் இருக்க எனக்குத் தெரியாது. இந்தப் புத்தியோடுதான், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகும் ஒருவருக்குக் கழுத்தை நீட்டி அந்த வீட்டுக்குப் போனேன். மாமனார் அதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். கடல் அந்த வீட்டில் யாரையும் கொண்டுபோனதில்லை என்பதில் மாமியாருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு, வாய்விட்டுச் சொல்லமாட்டார். விடியலில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு, மதியம் ஐஸ் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையும் அந்த மரமும்தான் அவருடைய சொத்து.

அந்த மண்ணில் எலுமிச்சை வளர்ப்பது சாதாரணக் காரியமில்லை என்பது நான் நோண்டித் தெரிந்துகொண்ட விஷயம். கடல் பக்கம் மணல், நிலத்தடி நீர் உப்பு. கைப்பம்பு அடித்தால் வரும் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. எலுமிச்சைக்கு உப்பு ஆகவே ஆகாது. மாமியார் அதற்காக ஆழமாகக் குழி வெட்டி, மணலை அள்ளிக் கொட்டிவிட்டு, வீடு கட்ட யாரோ இறக்கிய செம்மண்ணைக் கேட்டு வாங்கி நிரப்பியிருக்கிறார். அரிசி கழுவிய தண்ணீரும், வீட்டில் லாரித் தண்ணீர் விட்டு மீன் கழுவிய தண்ணீரும்தான் அதற்கு. பம்புத் தண்ணீர் ஒரு சொட்டு போகக்கூடாது. கிழக்கே வீட்டுச் சுவர் இருந்ததால் கடல் காற்று நேராக அடிக்காது. தளிர் விடும் காலத்தில் காக்கை எச்சம் மாதிரியே இருக்கும் புழுக்கள் வரும். அவற்றைக் குச்சியால் எடுத்துத் தட்டிவிடுவார், நசுக்கமாட்டார். "பட்டாம்பூச்சியாப் போற ஜென்மம்மே, வுடு" என்பார். ஒரு மரத்துக்கு இத்தனை உபசாரமா என்று எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் பூக்கும்போது பின்கதவைத் திறந்தால், மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகையும் மார்க்கெட்டின் கவிச்சியும் எங்கேயோ ஓடிப் போய்விடும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்கு இறங்கும் நாளில், அந்த மரத்துப் பழங்களை மிளகாயோடு கோத்து மகன் போகும் படகின் முன்பக்கத்தில் கட்டக் கொடுத்து அனுப்புவார். கடையில் வாங்கிய பழம் எத்தனை கை பட்டு வந்ததோ என்று அவருக்குச் சந்தேகம்.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, ஒரு கோடைக்கு முன்பு, எண்ணூருக்கு வடக்கே எங்கேயோ என் கணவர் போன படகின் இன்ஜின் நின்றுவிட்டது. வயர்லெஸ்ஸும் வேலை செய்யவில்லை. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கமெல்லாம் படகு போயிருக்கிறது. வரவேண்டிய நாள் தாண்டியும் வரவில்லை என்றதும் காசிமேட்டில் கூட்டம் கூடிவிட்டது. மாமியார் துறைமுகத்திலேயே உட்கார்ந்துவிட்டார், நானும் கூடவே. கடைசியில் வேறு ஊர்ப் படகுக்காரர்கள் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், யாரோ மாதிரி வந்து நின்றார் என் கணவர். வீட்டுக்கு வந்து பார்த்தால், அத்தனை நாளும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் எலுமிச்சை மரம் துவண்டு கிடந்தது. மாமியார் மகனுக்குக் கஞ்சி கொடுத்த கையோடு மரத்துக்கும் குடத்தைக் கவிழ்த்தார். அப்போது பக்கத்து வீட்டுக்காரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "பாத்தியாக்கா, புள்ள நடுக்கடல்ல கெடந்தப்ப மரமும் சேந்து வாடிக்கீது" என்றார். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். எங்கள் மூவரிலும் அந்தப் பார்வையைச் சரியாகக் கவனித்தது மாமியார்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து 'போகாதே' என்று சொல்லக்கூடாது. 'எப்போது வருவாய்' என்றுகூடக் கேட்கக்கூடாது. புதுப்பெண்ணாக வந்த நாளில், வழக்கம்போல ஆர்வக்கோளாறில் "எப்ப வருவீங்க?" என்று வாசலில் கேட்டுவிட்டேன். மாமியார் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். "கேக்காத. கேட்டா கடலு கேட்டுக்கும்" என்றார். அதனால் அந்த வீட்டில் ஆண் கிளம்பும் நேரத்தில் பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள், பாத்திரம் துலக்குவார்கள், யாரோடோ பேச்சுக் கொடுப்பார்கள். அந்த விபத்துக்குப் பிறகு என் கணவர் மறுபடியும் பையைத் தூக்கிய காலையில், மாமியாரின் வாய் ஒருமுறை திறந்து மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அப்புறம் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சொல்ல ஆசைதான். திருவொற்றியூரைச் சுற்றிக் கண்டெய்னர் யார்டுகள் எத்தனையோ இருக்கின்றன; ஏதாவது ஒன்றில் வேலை கிடைக்காமலா போகும்? ஆனால் நானும் வெங்காயம்தான் உரித்தேன்.

மரம் கருக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் அடி இலைகளின் நுனி பழுத்தது, பிறகு ஓரம் கருகியது, கடுகளவு பிஞ்சுகள் தரையில் உதிர்ந்து கிடந்தன. தடைக்காலம் வந்து படகுகள் கரையில் நின்றதும் மரம் தெளிந்து தளிர்விட்டது. தடை முடிந்து என் கணவர் கிளம்பினார், மறுபடியும் கருகல். மழைக்காலத்தில் புயல் சின்னம் என்று படகுகளை நிறுத்தினார்கள். மரம் பச்சை கட்டியது. தெரு முழுக்க இதே பேச்சாகிவிட்டது. மகன் கடலுக்குப் போனால் மரம் வாடுகிறது, வீட்டில் இருந்தால் துளிர்க்கிறது. சிலர் என் பக்கமும் கை நீட்டினார்கள். தீட்டுக் காலத்தில் மருமகள் மரத்தைத் தொட்டிருப்பாள் என்று ஒருத்தி சொன்னாள். மாமியார் எகிறினார். "அவ மேல பழி போட்ட, நடக்கறதே வேற. பாவம், அவ இன்னா பண்ணா?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினார். குழம்பில் புளி தூக்கலாக இருந்தால்கூட என்னைத்தான் திட்டுகிறவர், இதில் மட்டும் இப்படி வரிந்து கட்டிக்கொண்டு வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

படகு போனால் மரத்துக்கு எப்படித் தெரியும்? இதுதான் எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பூச்சி இல்லை. வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தேன், பயனில்லை. புகையாக இருக்குமோ என்றால், படகு கரையில் நிற்கும்போதும் அதே புகைதான் அடிக்கிறது. ஒரு மத்தியானம் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தபோது, காய்ந்த மண்ணின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. துணியில் எச்சில் தொட்டுப் பார்ப்பவளுக்கு மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில் என்ன வெட்கம்? விரலால் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக ஒரு துள்ளல். மீனைப் படகிலேயே கடல் தண்ணீரில் அலசித்தான் ஐஸில் போடுவார்கள். மாமியார் இப்போதெல்லாம் ஐஸ் பெட்டியில் மிஞ்சுகிற தண்ணீரையும் ஒரு தொட்டியில் பிடித்துக் கொண்டுவந்து ஊற்றுகிறார், மரம் கருகுகிறது. தடைக்காலத்தில் பெட்டி காலி, மரம் பிழைக்கிறது. மாமியாரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஐஸ இன்னா கடல் தண்ணியிலயா பண்றான்? நல்ல தண்ணியிலதானே பண்றான்?" என்றார். என் துள்ளல் அடங்கிவிட்டது. அவர் சொன்னது சரிதான். ஐஸ் உருகிய தண்ணீர் கொஞ்சம் கரிக்கலாம், மண்ணில் வெள்ளை பூக்கிற அளவுக்கு வராது.

இதற்குள் என் கணவர் மாறிப்போயிருந்தார். ஆரம்பத்தில், "மரத்தக் கேட்டுகினா மனுசன் தொழிலுக்குப் போவான்?" என்று சிரித்தவர்தான். பிறகு கிளம்பும் முன் பின்பக்கம் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார். தெரியாமல் பார்ப்பதாக அவருக்கு நினைப்பு. கடலில் எங்காவது சிக்னல் கிடைத்துப் பேசினால், முன்பெல்லாம் சாப்பிட்டாயா, தண்ணி லாரி வந்ததா என்று கேட்பார். இப்போது போனை எடுத்ததும், "மரம் எப்டி கீது?" என்பதுதான் முதல் கேள்வி. நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் நம்பமாட்டார். ஒருநாள் அவர்கள் படகின் டிரைவரை மார்க்கெட்டில் பார்த்தேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படகின் அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் எப்போதும் முதலில் குதித்து அறுப்பவர் என் கணவர்தான் என்றார். போன முறை அவர் குதித்தபோது பாதியில் கத்தியை நழுவவிட்டிருக்கிறார். அலை தூக்கி அடித்ததில் தலை படகில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறார். "இன்னாமோ பயந்துகினே கீறான்மா. பயத்தோட தண்ணில எறங்கக் கூடாது. நீ கொஞ்சம் பேசு" என்றார் டிரைவர்.

என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, குழம்பு வைக்கலாம் என்று கல்லுப்பு ஜாடியைத் திறந்தேன். அடியைத் தொட்டிருந்தது. புது உப்பு வாங்கிக் கொட்டி அதிக நாள் ஆகவில்லை. இத்தனை உப்பை எந்தக் குழம்பு தின்றது என்று ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் மரத்தடியில் பூத்திருந்த வெள்ளை நினைவுக்கு வந்தது. மறுநாள் மார்க்கெட்டிலிருந்து மாமியார் வரும் நேரத்தில் உப்பு வாங்கி ஜாடியை நிரப்பி வைத்துவிட்டு, குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் வந்தார். ஐஸ் பெட்டித் தண்ணீரைத் தொட்டியில் சாய்த்தார். சமையலறைக்குள் போய் இரண்டு கையிலும் உப்பை அள்ளி வந்து போட்டு, முழங்கைவரை விட்டுக் கலக்கினார். ஒரு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் எடுத்து வந்தார்.

"அத்தே" என்றேன். கலக்கிய கை அப்படியே நின்றது.

"பாத்துட்டியா?" என்றார், திரும்பாமல். "நீ என்னிக்காவது ஒருநாள் பாப்பேன்னு தெரியும். சும்மா கெடக்கற மண்ணையே நக்கிப் பாக்கறவளாச்சே."

"நீங்க வளத்த மரம் அத்தே இது."

"நான் வளத்த மரம்னுதான் ஊத்தறேன். ஊரான் மரத்துக்கா ஊத்தறேன்? சாவாம பாத்துக்கறேன்மே, அளவாத்தான் போடறேன்." அதற்குப் பிறகுதான் திரும்பினார். "மரமும் சேந்து வாடிக்கீதுன்னு அவ சொன்னப்ப இவன் மூஞ்சி மாறுச்சு. அவன் அப்டி பயந்து நான் பாத்ததே இல்ல. என் வாயால சொல்லக் கூடாது. மரம் சொல்லிட்டுப் போவட்டுமேன்னு வுட்டேன். நாலு தபா வாடுனா கடல வுட்ருவான்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தொட்டிக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அழுகைதான் வந்தது. எத்தனை வருடம் புழுவைக்கூட நசுக்காமல் எடுத்துப்போட்ட கை அது. அவர் தொட்டியை என் பக்கம் நகர்த்தினார். "உன் புருசன். நீ சொல்லு. ஊத்தட்டா, வாணாவா?" என்று கேட்டார். என் கணவர் கரையிலேயே இருக்கவேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இன்னும் ஒரு தொட்டி, இன்னும் ஒரு கருகல், ஒருவேளை காரியம் பலித்துவிடலாம். ஆனால் டிரைவர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. "அவரு கடல வுடல அத்தே. பயத்தையும் சேத்துத் தூக்கிகினு போறாரு" என்று சொல்லி, விசிறியில் வலை சுற்றியதையும் கத்தி நழுவியதையும் சொன்னேன். மாமியார் எழுந்து, தொட்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்.

மகன் கரைக்கு வந்த அன்று வஞ்சிரம் வறுத்து, சோறு போட்டு, அவர் பிசைந்துகொண்டிருக்கும்போதே மாமியார் சொல்லிவிட்டார். "நைனா, மரம் தானா வாடல. நான்தான் உப்பு போட்டேன்." பிசைந்த கை நின்றது. "இன்னாத்துக்கு?" என்றார் அவர். மாமியார் தட்டைப் பார்த்துக்கொண்டு, "உங்கிட்ட சொல்லக் கூடாத ஒண்ணு கீது. அத்தச் சொல்லத்தான்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, பின்பக்கம் போய்க் குனிந்து மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினார். "யம்மா, கருவாடே போட்லாம் போலக்கீதே!" என்று அங்கிருந்து கத்தினார். பிறகு டிரம்மில் பிடித்து வைத்திருந்த லாரித் தண்ணீர் அத்தனையையும் குடம் குடமாக மொண்டு மரத்தடியில் கொட்டினார். மறுநாள் சமைக்கத் தண்ணீர் இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் வீணானால் வீட்டை இரண்டாக்குகிற மாமியார் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இப்போது மாமியார் இல்லை. மரம் இருக்கிறது. ஒரு பக்கக் கிளைகள் பட்டுப்போய், அவற்றை வெட்டியதில் கொஞ்சம் சாய்ந்தாற்போல நிற்கிறது. மீதிக் கிளைகளில் நன்றாகவே காய்க்கிறது. என் கணவர் இன்னும் கடலுக்குப் போகிறார், வருகிறார். இலை ஓரம் லேசாகப் பழுத்தால் நான் இன்றைக்கும் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். அவர் என்னைக் கிண்டல் செய்வார். மரம் இப்படித் தேறுவதற்கு ஒரு மழைக்காலம் முழுதாகத் தேவைப்பட்டது. நான் சொல்ல வந்தது அதற்கு முன்பு நடந்தது.

உப்பு விஷயம் வெளிப்பட்ட பிறகு அவர் முதல் முறையாகக் கடலுக்குக் கிளம்பிய காலை. மாமியார் வழக்கம்போல வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தார். பையை எடுத்த என் கணவர் பின்பக்கம் போகாமல் நேராக அவர் முன்னால் வந்து நின்றார். "சொல்லிடும்மா" என்றார். "இன்னாத்த சொல்றது?" என்றார் மாமியார். "மரத்த வுட்டு சொல்ல வச்சியே, அத்த. மனசுல வச்சிகினு பேஜாராக் கீற. சொல்லிடு." மாமியார் தெருவை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "போவாதடா" என்றார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று மாமியார் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. வியாபாரத்துக்குப் போகவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை. என் போன் எங்கே இருக்கிறதோ அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு சாயங்காலம் அது அடித்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே என் கணவரின் குரல், "அம்மா எப்டி கீது?" என்று கேட்டது.

நான் போனை மாமியார் காதில் வைத்தேன். இரண்டு முறை செருமினார்.

"நைனா, மரம் சோக்கா தளிர் வுட்டுகீதுடா" என்றார்.

நான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். உப்பில் இலை உதிர்ந்து மொட்டையான கிளைகளில் ஒரு தளிர்கூட வந்திருக்கவில்லை.